லாச்சிக்குள் கிடக்கும் அந்தத் துண்டு

திருகோணமலை மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயதுத் தங்கை ஒருவர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன். மூன்று பிள்ளைகள். கணவர் கட்டாரில், வருவதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மாமியோடு ஒரே வீடு. மிட்வைஃப் மிஸ்ஸி ஒரு வருடமாக வீட்டுக்கு வந்து கேட்டதில், கடைசியாக வெல் வுமன் கிளினிக் போய், கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் பப் பரிசோதனை செய்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. 'எச்.எஸ்.ஐ.எல்' என்று ஆங்கிலத்தில் எழுதி, திருகோணமலை ஆஸ்பத்திரியில் வி.ஓ.ஜி டொக்டரை, அதாவது பெண்நோயியல் விசேட வைத்தியரைப் பார்க்க 12ஆம் திகதி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதத் துண்டை யாருக்கும் காட்டாமல் தையல் மெஷின் லாச்சிக்குள் வைத்திருக்கிறார்.

ஏனென்றால் அவருடைய சின்னம்மா நாலு வருடத்துக்கு முன் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில்தான் இறந்துபோனார். அப்போது மாமி, "கண்டபடி நடக்கிறவைக்குத்தான் இது வரும்" என்று சொன்னது இவர் மனதில் அப்படியே இருக்கிறது. இணையத்தில் தேடியதில் இது உடலுறவால் தொற்றும் வைரசால் வருவது என்று வாசித்து, இப்போது கணவர் மேலும் சந்தேகம். தன் முன்னால் நாலு வழி இருப்பதாக எழுதுகிறார்: கணவர் வரும்வரை பொறுப்பது, பக்கத்து ஊரில் நாட்டு மருந்து எடுப்பது, நகையை அடகு வைத்துக் கொழும்பில் தனியாரிடம் போவது, அல்லது ஒரேயடியாகக் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வது. கடைசியில் இன்னொன்று. தரம் 6 படிக்கும் மகளுக்குப் பாடசாலையில் இந்த நோயைத் தடுக்கும் ஊசி போடச் சம்மதக் கடிதம் வந்திருக்கிறது, அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்கிறார்களே, கையெழுத்து வைக்கலாமா?

தங்கச்சி, முதலில் அந்தத் துண்டை வெளியில் எடுங்கள். எடுத்துத் திகதியைப் பாருங்கள். மிச்சத்தை அப்புறம் கதைப்போம்.

உங்கள் கடிதத்தில் "எனக்குக் கேன்சர் வந்திட்டுது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துண்டில் அப்படி எழுதவில்லை. பப் பரிசோதனை என்பது கருப்பைக் கழுத்தின் மேல்தோலில் இருந்து கொஞ்சம் கலங்களை மெதுவாகச் சுரண்டி எடுத்துப் பார்ப்பது. அந்தக் கலங்களில் கூடுதலான மாற்றம் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் எச்.எஸ்.ஐ.எல் என்பதன் அர்த்தம். பெரும்பாலான பெண்களில் அது புற்றுநோய்க்கு முந்திய நிலையாகத்தான் இருக்கும். மிகச் சிலரில் புற்றுநோய் ஏற்கெனவே தொடங்கியும் இருக்கலாம், அதை ஒளிக்க மாட்டேன். எது என்று அந்தத் துண்டால் சொல்ல முடியாது, உங்களாலோ என்னாலோ இங்கிருந்து சொல்லவும் முடியாது. உருப்பெருக்கியால் பார்க்கும் கொல்போஸ்கோப்பி என்ற அடுத்த பரிசோதனைதான் சொல்லும். அதற்குத்தான் திகதி தந்திருக்கிறார்கள்.

இந்த நோய் ஒரு நாளில் வருவதில்லை. வைரஸ் தொற்றி, கலங்கள் மாறி, அது புற்றுநோயாக வளர்வதற்குச் சாதாரணமாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். எச்.ஐ.வி போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் 5 முதல் 10 வருடம். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அதனால்தான் எங்கள் நாட்டில் 1996இல் இருந்து வெல் வுமன் கிளினிக் நடத்தி, 35 வயதில் ஒரு முறை வந்து பாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிறார்கள். உங்கள் மிஸ்ஸி ஒரு வருடம் விடாமல் வந்தது உங்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும். அவர் செய்த வேலை பெரியது.

நியூசிலாந்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் கசப்பானது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஓக்லாந்தில் ஒரு வைத்தியசாலையில், இந்த முந்திய நிலையின் கடைசிப் படியில் இருந்த சில பெண்களுக்குச் சரியான சிகிச்சை கொடுக்காமல், பார்த்துக்கொண்டிருப்போம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கே விஷயம் தெரியாது. பிறகு அரசாங்க விசாரணை வரை போனது. பின்னாளில் கணக்கெடுத்தபோது, சின்னத் தசைத் துண்டு மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டு விடப்பட்டவர்களில் 30 வருடத்துக்குள் 100க்கு 31 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது 100க்கு ஒருவரை விடக் குறைவு. இரண்டு கூட்டத்துக்கும் ஆரம்பத்தில் இருந்தது ஒரே மாற்றம்தான். ஒரு கூட்டத்துக்கு அடுத்த அடி எடுத்து வைக்கப்பட்டது, மற்றதற்கு இல்லை. உங்கள் துண்டு லாச்சிக்குள் கிடந்தால், அந்த வைத்தியசாலை அந்தப் பெண்களுக்குச் செய்ததை நீங்களே உங்களுக்குச் செய்கிற மாதிரி ஆகிவிடும்.

நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் ஒளித்து வைப்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. பல வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு அம்மா வந்தார், இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று. தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பில் கிழிந்து, மஞ்சளாகிப் போயிருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்திய ரிப்போர்ட். "கவனமாத்தான் வச்சிருந்தனான் டொக்டர்" என்றார். அன்றைக்கு வந்திருந்தால் கால் மணி நேர வேலை.

எங்களைப் போன்ற நாடுகளின் பெரிய ஓட்டை இதுதான் என்று நான் நினைக்கிறேன். 2022இல் உலகம் முழுவதும் இந்த நோயால் இறந்த ஏறக்குறைய மூன்றரை லட்சம் பெண்களில் 100க்கு 94 பேர் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பரிசோதனையே கிடைக்காதவர்கள் ஒரு பக்கம். பரிசோதனை செய்தும், முடிவு வர மாதக்கணக்காகி, பஸ் காசில்லாமல், வீட்டில் சொல்ல முடியாமல், அடுத்த கிளினிக்குக்குப் போகாமலே விடுபட்டவர்கள் இன்னொரு பக்கம். முடிவை ஒரு காகிதத்தில் ஆங்கில எழுத்தாகக் கையில் கொடுத்து அனுப்புவதும் இதில் ஒரு குற்றம்தான். இரண்டு நிமிடம் உட்கார வைத்துத் தமிழில் சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை இரவு தூங்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். இந்த விடுபடுதலைத் தவிர்க்கத்தான் சில நாடுகளில் பார்த்த அன்றே சிகிச்சையும் செய்துவிடும் முறை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு ஆய்வில், பயிற்சி பெற்ற தாதிமார் ஐதான வினாகிரி போன்ற ஒரு திரவத்தைக் கருப்பைக் கழுத்தில் தடவி, வெள்ளையாக மாறுகிற இடத்தைக் கண்ணால் பார்த்து, தேவையானவர்களுக்கு அங்கேயே உறைய வைத்துச் சிகிச்சை செய்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் வந்த சாவு 100க்கு 35 அளவில் குறைந்தது. பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. விட்டுவிடாமல் பின்தொடர்ந்தார்கள், அவ்வளவுதான்.

மாமி சொன்னதும், கணவர் மேல் வந்த சந்தேகமும்

எச்.பி.வி என்ற வைரசால்தான் இது வருகிறது, உண்மை. அதைக் கண்டுபிடித்தவருக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீங்கள் அதிலிருந்து எடுத்த முடிவு பிழை. தாம்பத்திய வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றத்தான் செய்கிறது. உடலோடு உடல் படுவதால் தொற்றுவது. வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளைத் தெரிந்தவருக்கும் வரும். பெரும்பாலானவர்களில் ஒன்றிரண்டு வருடத்தில் தானே போய்விடும். சிலரில் போகாமல் தங்கிவிடும், சத்தம் போடாமல் பல வருடம் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டொக்டராலும், எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன் உங்கள் கணவருக்கு வந்த ஒன்று இப்போது உங்களில் தெரியலாம். ஆகவே இந்தத் துண்டை வைத்து அவரிடம் நியாயம் கேட்காதீர்கள். தொலைபேசியில், அதுவும் இரவு டியூட்டி முடிந்து வந்த மனிதரிடம், இந்தப் பேச்சு தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

"பரிசோதனையில் கொஞ்சம் மாற்றம் காட்டுது, புற்றுநோய் வராமல் தடுக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க, 12ஆம் திகதி போறன்" என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதற்கு மேல் இப்போது அவருக்குத் தேவையும் இல்லை. சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலும் போகலாம். இந்தப் பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் போதும். கணவரின் கையெழுத்தோ மாமியின் அனுமதியோ யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் விஷயத்தை உங்கள் அனுமதியில்லாமல் வீட்டாரிடம் சொல்லும் உரிமை கிளினிக்கில் யாருக்கும் இல்லை, அதை மிஸ்ஸியிடமும் வாய்விட்டே சொல்லி வையுங்கள்.

மாமியைப் பற்றி ஒரு சொல். அவர் சின்னம்மாவைப் பற்றிச் சொன்னது அநியாயம். ஆனால் அந்தத் தலைமுறைக்கு இதை யாரும் விளக்கிச் சொன்னதே இல்லை. 12ஆம் திகதி பிள்ளைகளைப் பார்க்க உங்களுக்கு அவர் வேண்டும். மிஸ்ஸி ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மாமியின் பிரஷரைப் பார்த்துவிட்டு, பொதுவாக இந்த நோயைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் நீங்கள் சொல்வதை விடக் காதில் ஏறும். அப்புறம், சின்னம்மாவுக்கு வந்ததால் இது பரம்பரையாக உங்களுக்கு வந்தது என்ற பயத்தையும் விடுங்கள். இது அம்மாவழி, சின்னம்மாவழி என்று கடத்தப்படுகிற வகை நோய் இல்லை.

உங்கள் நாலு வழிகள்

ஏழு மாதம் பொறுப்பது: வேண்டாம். நாளைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் கிழமைக் கணக்கில் பொறுக்கலாம், மாதக் கணக்கில் பொறுக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம். வலி இல்லை, ஒரு குறையும் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் ஒரு குறையும் தெரியாது, அதுதான் இதன் சுபாவம். இடையில், உறவுக்குப் பிறகோ மாதவிடாய் இல்லாத நாளிலோ இரத்தம் பட்டால், நாற்றமுள்ள நீர் போனால், திகதி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாட்டு மருந்து: காய்ச்சலுக்குக் கொத்தமல்லி குடிக்கிறதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் இந்த மாறிய கலங்களை அகற்றும் கஷாயம் எதுவும் இல்லை. உள்ளே வைக்கும் மருந்து, புகை காட்டுவது என்று எதையாவது செய்தால் அந்த மெல்லிய தோல் புண்ணாகி, டொக்டருக்குப் பார்ப்பதே கஷ்டமாகிவிடும்.

கொழும்பு: நகையை அடகு வைக்காதீர்கள். இந்தச் சிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். இங்கே வி.ஓ.ஜி பார்த்துவிட்டு, கொல்போஸ்கோப்பியை அங்கேயே செய்வதா வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று சொல்வார். அப்படி அனுப்பினாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போகலாம். பஸ் காசும் கூட வர ஒரு ஆளும் இருந்தால் போதும்.

கர்ப்பப்பையை எடுப்பது: இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் பெண்கள் "இனி எனக்கு எதுக்கு டொக்டர் அது, எடுத்துவிடுங்கோ" என்று மிக இலகுவாகச் சொல்கிறார்கள். முந்திய நிலைக்குக் கர்ப்பப்பையை எடுப்பது முதல் சிகிச்சை இல்லை. அதோடு ஒரு ஆபத்தும் உண்டு. சரியாகப் பார்க்காமல் அவசரமாக எடுத்து, பிறகு அந்தத் தசையில் புற்றுநோய் ஏற்கெனவே இருந்தது தெரிய வந்தால், அதற்குச் செய்ய வேண்டிய சத்திர சிகிச்சை வேறு வகையானது. அரைகுறையாகச் செய்தது போல் ஆகிவிடும். முதலில் பார்க்கட்டும், துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பட்டும், அப்புறம் எதை எடுப்பது என்று கதைக்கலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்

பப் பரிசோதனைக்குப் படுத்த மாதிரியே படுக்கச் சொல்வார்கள். வாத்தின் அலகு மாதிரியான அதே கருவி. வெளியில் நிற்கும் ஒரு உருப்பெருக்கியால் பார்ப்பார்கள், அது உடலுக்குள் வராது. அந்த வினாகிரி மாதிரித் திரவத்தைத் தடவும்போது கொஞ்சம் குளிரும், கொஞ்சம் எரியும். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். அரிசி மணி அளவில் ஒரு துண்டு எடுப்பார்கள், எடுக்கும்போது கிள்ளினாற் போல இருக்கும். சில இடங்களில் துண்டு எடுக்காமல் அன்றே சிகிச்சையும் செய்துவிடுவார்கள், சில இடங்களில் முடிவு வந்தபின் கூப்பிடுவார்கள். அந்த இடத்தை மரக்கச் செய்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாறிய தோலை மட்டும் சீவி எடுப்பது ஒரு முறை. இடத்துக்கு ஏற்ற மாதிரி, சூடு வைத்தோ உறைய வைத்தோ அழிப்பதும் உண்டு. பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம். சில கிழமை நீர் போகும், லேசாக இரத்தம் படும். ஏறக்குறைய நாலு கிழமை உறவு வேண்டாம், பாரம் தூக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது உங்கள் வேலை என்று எழுதியிருந்தீர்கள், அதை அந்த நாட்களில் மூத்த பிள்ளையிடம் விடுங்கள்.

அப்படிச் சிகிச்சை செய்தால் கர்ப்பப்பை இருக்கும், மாதவிடாய் வரும், விரும்பினால் இன்னொரு பிள்ளையும் பெறலாம். கம்பி வளையத்தால் ஆழமாக எடுத்தால் பின்னால் வரும் பிள்ளை கொஞ்சம் முந்திப் பிறக்கும் வாய்ப்பு கூடும். இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதை முதலே சொல்லுங்கள். எழுந்து வருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என்னில் என்ன பார்த்தீர்கள், துண்டின் முடிவை எப்போது, யாரிடம் எடுப்பது, அடுத்த தடவை எப்போது வர வேண்டும். கிளினிக்கில் சனம் நிறைந்து, டொக்டர் அவசரத்தில் இருந்தாலும் கேளுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் சில வருடம் விடாமல் வந்து பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சிலரில் திரும்ப வரும்.

மகளின் ஊசி

கையெழுத்து வையுங்கள். எச்.பி.வி தடுப்பூசி இலங்கையில் 2017இல் இருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இலவசமாகப் போடப்படுகிறது, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. பிள்ளை பிறக்காது என்ற கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று, அவர்களில் பலர் இன்று தாய்மாராகவும் இருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், சின்னம்மாவின் கருப்பையை அழித்தது ஊசியா, ஊசி தடுக்கிற அந்த நோயா? ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்ட பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு 2024இல் பார்த்தார்கள், அவர்களில் ஒருவருக்குக் கூடக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்திருக்கவில்லை.

இவ்வளவு சின்ன வயதில் எதற்கு என்று கணவர் கேட்பார். வைரஸ் வருவதற்கு முன் போட்டால்தான் அது முழுதாகப் பலன் தரும், அவ்வளவுதான் காரணம். பிள்ளையின் நடத்தையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, குழந்தைக்கு அம்மை ஊசி போடுகிற மாதிரி. கை கொஞ்சம் நோகும், சில பிள்ளைகள் பயத்தில் தலைசுற்றி விழும், அதனால் காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள். ஊசி போட்ட மகளும் 35 வயதில் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் எல்லா வகை வைரசையும் அது தடுக்காது. உங்களுக்கு இப்போது இருக்கும் மாற்றத்தை இந்த ஊசி மாற்றாது, ஆகவே அதைக் காசு கொடுத்துப் போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

12ஆம் திகதி முதல் பஸ்சைப் பிடியுங்கள், நம்பர் எடுக்க வேண்டியிருக்கும். ரிப்போர்ட், கிளினிக் கொப்பி, ஏதாவது மருந்து எடுத்தால் அதன் பெயர், ஒரு சனிட்டரி பேட் எல்லாவற்றையும் பைக்குள் வையுங்கள். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால் படுக்கும் முன்பே சொல்லுங்கள். அன்றைக்கு மாதவிடாய் வந்துவிட்டது என்றாலும் வீட்டில் நின்றுவிடாதீர்கள். போய், கவுண்டரில் இருக்கும் மிஸ்ஸியிடம் விஷயத்தைச் சொல்லி, புதுத் திகதியைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டே பஸ் ஏறுங்கள்.